காயலான் கடையில் கம்ப்யூட்டர் உயிர்!

உங்க வீட்டுப் பரண் மேல என்ன இருக்கு பாஸ்? ஓடாத ஃபேன், பாட்டியோட வெண்கலப் பானை, அக்காவோட பத்தாம் கிளாஸ் நோட்டு... இதுக்கெல்லாம் நடுவுல கறுப்பு கலர்ல ஒரு கீபோர்டு மட்டும் தனியா கிடக்குதா? ஓரத்துல வானவில் மாதிரி கோடு, மேல 'ஸ்பெக்ட்ரம்'னு பேரு?

ஒரு நிமிஷம். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடாதீங்க! அது வெறும் கீபோர்டு இல்ல... முழு கம்ப்யூட்டர்!

ப்ராசஸர், மெமரி எல்லாம் அந்தக் கீபோர்டுக்குள்ளேயே அடக்கம். மானிட்டருக்கு வீட்டு டி.வி., ஹார்டு டிஸ்க்குக்கு டேப் ரெக்கார்டர். பாட்டு கேசட் மாதிரியே ப்ரோக்ராமும் கேசட்லதான் வரும். ப்ளே பட்டனை அழுத்தினா 'கீ...ங்ங்'னு காதைக் கிழிக்கிற சத்தத்தோட கேம் லோடு ஆகும். மெமரி எவ்வளவு தெரியுமா? 48 கே.பி.! காலையில உங்க பெரியப்பா வாட்ஸ்அப்ல அனுப்புற ஒரு 'குட்மார்னிங்' படம் அதுக்குள்ள உட்காராது.

1982 ஏப்ரல்ல இங்கிலாந்தோட சிங்க்ளேர் கம்பெனி இறக்கின மெஷின் இது. உலகம் முழுக்க 50 லட்சத்துக்கு மேல வித்துச்சு. நம்ம நாட்டுல 1986-ல டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைசென்ஸ் வாங்கி 'டி.பி. ஸ்பெக்ட்ரம் ப்ளஸ்'னு பேர் வெச்சு வித்தாங்க. 1990 வாக்குல அந்த மார்க்கெட் படுத்துடுச்சு. மெஷின்கள் ஒவ்வொண்ணா பரண் ஏறிடுச்சு.

அதே காலத்துல ஸ்கூல் பக்கம் வந்தது இன்னொரு பிரிட்டிஷ் மெஷின், பி.பி.சி. மைக்ரோ. 1984-85ல மத்திய அரசு 'கிளாஸ்'ங்கிற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தை ஏறத்தாழ 250 பள்ளிகள்ல ஆரம்பிச்சப்போ கொடுத்தது இதைத்தான். மொஹாலியில இருந்த அரசு சிப் கம்பெனியான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், லைசென்ஸ் வாங்கி அதை இங்கேயே செய்யவும் ஆரம்பிச்சது. 1989-ல அந்தத் தொழிற்சாலையில பெரிய தீ விபத்து.

'சரி, இதையெல்லாம் இப்போ ரிப்பேர் பண்ணி என்ன கிழிக்கப் போறோம்?'னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான். உங்க கையில இருக்கிற போனைத் திறந்து பாருங்க. ஒண்ணும் புரியாது. எல்லாமே சுண்டுவிரல் நகம் அளவு சில்லுல அடங்கிப் போச்சு. ஆனா, ஸ்பெக்ட்ரமைத் திறந்தா... இது ப்ராசஸர், இது ரோம், இது மெமரின்னு ஒவ்வொண்ணையும் விரல் வெச்சுக் காட்டலாம். மைக்ரோப்ராசஸர் பேப்பர்ல நீங்க மனப்பாடம் பண்ற அட்ரஸ் பஸ், டேட்டா பஸ் ரெண்டையும் கண்ணால பார்க்கலாம். முழுசாப் புரிஞ்சுக்கக் கூடிய கடைசித் தலைமுறை கம்ப்யூட்டர்கள்ல இதுவும் ஒண்ணு. அதை உயிரோட வெச்சுக்கணும்னா சிப் வேணும். அந்த சிப் எங்கே கிடைக்கும்? அதுதான் மேட்டர்!

திருவொற்றியூர் புல்லட் சொல்ற பாடம்

சிப் தேடறதுக்கு முன்னாடி, ஒரு பைக் கதை. திருவொற்றியூர் பசங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

1955-ல இங்கிலாந்தோட ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல புல்லட் உருவாச்சு. முதல்ல பார்ட்ஸ் எல்லாம் அங்கேருந்து வரும், இங்கே மாட்டுவாங்க. 1957-ல பார்ட்ஸ் செய்யறதுக்கான டூல்ஸையே வாங்கினாங்க. 1962 வாக்குல எல்லா பார்ட்ஸும் இங்கேயே தயார். 1970 வாக்குல இங்கிலாந்து கம்பெனி கதை முடிஞ்சுது. ஆனா, நம்ம புல்லட் மட்டும் 'டுப்... டுப்...'னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அம்பது வருஷத்து வண்டி இன்னிக்கும் ரோட்டுல ஓடுதுன்னா காரணம் என்ன? ஸ்பேர் கிடைக்குது. கிடைக்கலைன்னா லேத்துல கடைஞ்சு எடுத்துடுவாங்க.

ஸ்பெக்ட்ரமும் கிட்டத்தட்ட அதே கதைதான். பிரிட்டிஷ் சரக்கு, இந்திய லைசென்ஸ். ஆனா, முடிவு வேற. இந்தியாவுல விற்பனை ஆரம்பிச்ச அதே 1986-ல, சிங்க்ளேர் தன்னோட கம்ப்யூட்டர் பிசினஸை ஆம்ஸ்ட்ராட் கம்பெனிக்கு வித்துட்டாங்க. பிஸ்டனை லேத்துல கடையலாம். சிப்பை எந்த லேத்துல கடையறது?

இங்கேதான் பலரும் மனசு விட்டுடறாங்க. விட வேண்டியதில்ல! ஏன்னா, அந்த போர்டுல இருக்கிற எல்லா சிப்பும் ஒரே ஜாதி கிடையாது. மூணு வகை இருக்கு. எது எந்த வகைன்னு தெரிஞ்சா, எங்கே தேடணும்னு தானா தெரிஞ்சிடும்.

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க!

ஆனா, கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை. எந்த சிப் செத்துச்சுன்னு தெரியாம கடைக்குப் போறது, என்ன ஜுரம்னு தெரியாம மெடிக்கல் ஷாப் போற மாதிரி.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் வீடா? அப்போ முதல் சந்தேகம் சிப் மேல இல்ல, அதோட கால் மேல! கடல் காத்து நம்ம வீட்டு ஜன்னல் கம்பியையே அரிச்சிடும். சிப்போட காலை விடுமா? எண்பதுகள்ல வந்த பல சிப்களுக்கு வெள்ளி முலாம் பூசின கால். நாளாக நாளாக கறுத்துப் போகும். பேஸ்ல சொருகியிருக்கிற சிப்பை மெதுவா நெம்பி எடுத்து, காலைத் துடைச்சுட்டு, திரும்ப சொருகிப் பாருங்க. சில மெஷின் இதுலயே எழுந்து உட்கார்ந்துடும். செலவு ஜீரோ!

ரெண்டாவது, அடாப்டர். ஸ்பெக்ட்ரம் அடாப்டர் 9 வோல்ட் டி.சி. ஆனா, பின்னோட நடுப்பகுதி நெகட்டிவ். இன்னிக்குக் கடையில கிடைக்கிற பெரும்பாலான அடாப்டர்ல நடு பாசிட்டிவ். 'சொருகினா சரியா சேருதே'ன்னு கையில கிடைச்சதைக் குத்தினா, பரண்ல தூங்கிட்டிருந்த மெஷின் நிரந்தரமா தூங்கிடும். மல்டிமீட்டரை வெச்சுப் பார்த்துட்டுத்தான் சொருகணும்.

மூணாவது, வோல்டேஜ். ஸ்பெக்ட்ரம்ல முதல் 16 கே.பி. மெமரிக்கு 4116-ங்கிற சிப் எட்டு இருக்கு. இந்த 4116 ஒரு பந்தா பார்ட்டி. ப்ளஸ் 5, ப்ளஸ் 12, மைனஸ் 5 வோல்ட்னு மூணு சப்ளை கேக்கும். இதுல மைனஸ் 5 வரலைன்னா, மத்த ரெண்டும் சேர்ந்து சிப்பைச் சாகடிச்சிடும். பல ஸ்பெக்ட்ரம் செத்த கதை இதுதான். மைனஸ் 5-ஐ உருவாக்கற சர்க்யூட்ல இருக்கிற ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போகும், அதோட கூட மெமரி சிப்பும் போகும்.

4116-ல 1-வது கால்ல மைனஸ் 5, 8-வது கால்ல ப்ளஸ் 12, 9-வது கால்ல ப்ளஸ் 5 வருதான்னு பாருங்க. அது சரியா இல்லாம புது சிப் மாட்டினீங்கன்னா, அலைஞ்சு திரிஞ்சு வாங்கின சிப்பும் காலி. இந்த ஒரு தப்பை மட்டும் பண்ணிடாதீங்க. ஏன்னா, 4116 இப்போ யாரும் தயாரிக்கறதில்ல. நீங்க எரிச்சா உலகத்துல ஒண்ணு குறைஞ்சுது!

மெஷின் ஆன் ஆகி, சிங்க்ளேர் பேரும் வருதா? அப்போ ஒரு சின்ன டெஸ்ட். 'பிரின்ட் பீக் 23732 + 256 * பீக் 23733'னு டைப் பண்ணுங்க. 65535-னு வந்தா 48 கே.பி.யும் ஓகே. 32767-னு வந்தா, மேல இருக்கிற 32 கே.பி.யை மெஷின் ஏத்துக்கலைன்னு அர்த்தம்.

இப்போ டிடெக்டிவ் வேலை. மேல் மெமரியில ஒரு இடத்துல ஜீரோ போடுங்க: 'போக் 40000, 0'. திரும்பப் படிங்க: 'பிரின்ட் பீக் 40000'. ஜீரோ வரணும். 16 வந்தா? 16-ங்கிறது 2-ஓட நாலாவது அடுக்கு. அதாவது, பிட் 4 மாட்டிக்கிட்டு நிக்குது. எட்டு சிப்ல ஒவ்வொண்ணும் ஒரு பைட்டோட ஒரு பிட்டை மட்டும்தான் வெச்சுக்கும். ஆக, குற்றவாளி ஒரே ஒரு சிப்! இதே மாதிரி 255 போட்டுப் படிச்சா, ஒண்ணை ஜீரோ ஆக்கற சிப்பும் மாட்டும். வேற வேற அட்ரஸ்லயும் இதே பிட் மாட்டுதான்னு பார்த்து உறுதி பண்ணிக்கங்க. ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல 'பைனரி எதுக்குடா படிக்கிறோம்'னு கேட்டீங்களே... இதுக்குத்தான்!

ஒரு பிட் இல்லாம எல்லா பிட்டும் கன்னாபின்னான்னு வந்தா, மெமரிக்கு அட்ரஸை மாத்தி மாத்திக் கொடுக்கற 74 எல்.எஸ். 157 சிப்பை சந்தேகப்படுங்க. ஆன் பண்ணின சில நிமிஷத்துல பக்கத்து சிப்பை விட ஒரு மெமரி சிப் மட்டும் ரொம்ப சூடா இருந்தா, அதுவும் ஒரு துப்பு. விரலைப் பட்டுன்னு எடுத்துடுங்க!

வகை 1: ரிச்சி தெருவுல ஈஸி!

நோய் தெரிஞ்சாச்சு. இப்போ மருந்து.

திருவொற்றியூர், விம்கோ நகர் பசங்க மெட்ரோ ஏறினா, வண்டி மாறாம நேரா அரசினர் தோட்டம் ஸ்டேஷன். அங்கேருந்து நடக்கிற தூரத்துல ரிச்சி தெரு. ராயபுரம்காரங்களுக்கு பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜாரும் பழக்கம்தான். பர்மாவுலேர்ந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக அமைஞ்ச கடைவீதி அது. ஒரு காலத்துல சிங்கப்பூர் போய்ட்டு வர்ற 'குருவி'களும் கப்பல்காரங்களும் கொண்டு வந்த ஃபாரின் எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு மெட்ராஸே அங்கேதான் போய் நிக்கும். ஆனா, சிப் வேணும்னா ரிச்சி தெருதான்.

அங்கே என்ன கிடைக்கும்? 74 எல்.எஸ். வரிசை லாஜிக் சிப்கள், 7805 ரெகுலேட்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், ஐ.சி. பேஸ். இதெல்லாம் எந்த கம்ப்யூட்டருக்கும் சொந்தமில்ல. எல்லா சர்க்யூட்லயும் வர்ற பொது ஜனம். இன்னிக்கும் புதுசா தயாராகுது. ஒரு டீ, ஒரு சமோசா காசுல வேலை முடிஞ்சிடும்.

கடையில போய், 'ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு சிப் இருக்காண்ணா?'ன்னு கேக்காதீங்க. அண்ணன் உங்களை மேலயும் கீழயும் பார்ப்பார். நம்பரைச் சொல்லுங்க. '74 எல்.எஸ். 157, ரெண்டு. 16 பின் பேஸ், எட்டு.' அவ்வளவுதான். அந்தத் தெருவோட பாஷை நம்பர்தான்!

ப்ராசஸர் கதை கொஞ்சம் சோகம். ஸ்பெக்ட்ரமோட மூளை இசட் 80. 1976-ல வந்த சிப். 48 வருஷம் கழிச்சு, 2024 ஏப்ரல்ல, ஒரிஜினல் வடிவத்துல இருந்த இசட் 80-ஐ நிறுத்தறதா ஸைலாக் கம்பெனி அறிவிச்சது. கடைசி ஆர்டருக்குக் கொடுத்த தேதி 2024 ஜூன் 14. பயப்படாதீங்க, கோடிக்கணக்குல வித்த சிப் அது, இன்னும் பல வருஷத்துக்குக் கிடைக்கும். ஆனா, நேத்து வரைக்கும் முதல் வகையில இருந்த சிப், இன்னிக்கு ரெண்டாம் வகைக்குப் போயிடுச்சுங்கிறதைக் கவனிங்க. பி.பி.சி. மைக்ரோவோட 6502 ப்ராசஸருக்கு அந்தப் பிரச்னை இல்ல. அந்தக் குடும்பத்து சிப் இன்னும் தயாராகுது.

வகை 2: காயலான் கடைதான் கதி!

இப்போ மெமரி சிப். இதைப் புதுசா எவரும் செய்யறதில்ல. ஆனா, ஒரு காலத்துல மூட்டை மூட்டையா செஞ்சாங்க. அதெல்லாம் எங்கே போச்சு? செத்துப் போன போர்டுகள்ல உட்கார்ந்திருக்கு. அந்த போர்டுகள் எங்கே? காயலான் கடையில!

அதுக்கு முன்னாடி ஒரு சூப்பர் மேட்டர். ஸ்பெக்ட்ரமோட மேல் 32 கே.பி.யில இருக்கிறது 4532-ங்கிற சிப். அது உண்மையில 64 கே.பிட் சிப். தொழிற்சாலையில டெஸ்ட் பண்ணினப்போ பாதி ஃபெயில்! தூக்கிப் போடாம, 'நல்லா இருக்கிற பாதியை மட்டும் யூஸ் பண்ணிக்கோ'ன்னு குறைஞ்ச விலைக்கு வித்தாங்க. சிங்க்ளேர் அதை வாங்கித்தான் விலையைக் குறைச்சார். ஆமா பாஸ்... அந்த கம்ப்யூட்டர் ஓடினதே அரியர் வெச்ச சிப்லதான்!

இதுல நமக்கென்ன லாபம்? 4532 கிடைக்கலைன்னா கவலையே வேண்டாம். ஆல் பாஸ் ஆன 4164-ஐ அதே இடத்துல போடலாம், ஓடும். 4164 எங்கே கிடைக்கும்? எண்பதுகள்ல வந்த பழைய எக்ஸ்.டி. ரக பி.சி.யோட மதர்போர்டுல. வரிசைக்கு ஒன்பது வீதம் அணிவகுத்து நிக்கும். பல போர்டுல சிப்பை சோல்டர் கூட பண்ணியிருக்க மாட்டாங்க, பேஸ்ல சொருகித்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெதுவா நெம்பினா, பல்லு மாதிரி வந்துடும்.

நம்பர்ல ஏமாந்துடாதீங்க. ஒரே சிப்புக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேர் வெச்சாங்க. ஹிட்டாச்சின்னா 4864, ஃப்யூஜிட்ஸுன்னா 8264, ஓகின்னா 3764, மைக்ரான்னா 4264. எல்லாம் ஒரே ஆள், வேற வேற சட்டை! கடைசியில இருக்கிற 15, 20-ங்கிற நம்பர், 150, 200 நானோ செகண்ட் வேகத்தைக் குறிக்கும். ரெண்டுமே ஓகே. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போட்ட 4164-ல மட்டும் உஷார். அது 256 சைக்கிள் ரெஃப்ரெஷ் கேக்கும். இசட் 80 கொடுக்கறது 128-தான். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் மறதி வந்துடும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த 4164-ஐ கீழ் மெமரியில 4116 இருக்கிற இடத்துல அப்படியே போடக்கூடாது. 8-வது கால்ல அங்கே 12 வோல்ட் வரும். 4164-க்கு அந்தக் கால்ல 5 வோல்ட்தான் தாங்கும். 'படக்'குனு முடிஞ்சிடும்.

சரி, எந்தக் காயலான் கடை? இங்கேதான் வடசென்னைக்கு ஒரு அட்வான்டேஜ். வெளிநாட்டுப் பழைய கம்ப்யூட்டர்கள் கண்டெய்னர் கண்டெய்னரா வந்து இறங்கின துறைமுகங்கள்ல சென்னையும் ஒண்ணு. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் தொழிற்சாலைகள் வேற. தொழிற்சாலைன்னா பழைய மெஷின், பழைய மெஷின்னா கன்ட்ரோல் கார்டு, கழிவு ஏலம், எடைக்கடை. எண்பதுகள்ல உலகம் முழுக்க மெஷின் கன்ட்ரோல் கார்டுல இசட் 80-ஐத் தாராளமா போட்டாங்க. கம்ப்யூட்டர் மார்க்கெட்ல இல்லாத சிப், இரும்புக் கடையில இருக்கலாம்!

கடைக்காரர் கிட்ட போர்டை போர்டாவே கேட்டு வாங்குங்க. தனியாக் கழட்டின சிப் வேண்டாம். ஏன்னா, போர்டை நெருப்புல வாட்டி, ஈயம் உருகினதும் தட்டி உதிர்க்கிற வழக்கம் உண்டு. அந்தச் சூட்டுல சிப்போட உள்ளுறுப்பு வெந்துடும். பார்க்க நல்லா இருக்கும், வேலை செய்யாது.

இங்கே ஒரு நிமிஷம் சீரியஸா பேசுவோம். அந்த போர்டு எதுக்காகக் கடையில காத்திருக்கு தெரியுமா? தங்கத்துக்காக. கனெக்டர்லயும் சில சிப் கால்லயும் மெல்லிசா தங்க முலாம் இருக்கும். அதை எடுக்க அனுமதி இல்லாத இடங்கள்ல ஆசிட்ல முக்குவாங்க. தாமிரத்துக்காக ஒயரை எரிப்பாங்க. புகையில ஈயமும் விஷமும் கலந்து வரும். அதைச் சுவாசிக்கறது கூலிக்கு உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்தான். மிச்ச ஆசிட் சாக்கடை வழியா எங்கே போகும்? அனல் மின் நிலையச் சாம்பலால ஏற்கெனவே திணறிக்கிட்டிருக்கிற எண்ணூர் பக்கம் இன்னும் எவ்வளவைத்தான் தாங்கும்?

அதனால, கிராம் கணக்குல கூட வராத தங்கத்துக்காக, திரும்பச் செய்யவே முடியாத ஒரு சிப் ஆசிட்ல கரையுது. இதுல நஷ்டம் ரெண்டு: ஒண்ணு நம்ம மண்ணுக்கு, இன்னொண்ணு நம்ம மெஷினுக்கு. 2023 ஏப்ரல் 1-லேர்ந்து அமல்ல இருக்கிற மின்னணுக் கழிவு விதிகள்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்தான் இந்த வேலையைச் செய்யணும். நீங்க சிப்பை எடுத்த பிறகு மிச்சமாகிற போர்டை மறுபடி தெருவுல வீசாம, அப்படிப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேர வைங்க. அது உங்க பொறுப்பு.

வகை 3: ஒரே ஒரு மெஷினுக்குன்னு பிறந்தது

மூணாவது வகைதான் வில்லன். ஸ்பெக்ட்ரம்ல யு.எல்.ஏ.ன்னு ஒரு சிப் இருக்கு. ஸ்கிரீன்ல படம் வரையறது, கீபோர்டைப் படிக்கிறது, கேசட் சத்தம், மெமரிக்கு டைமிங்... வீட்டுல அம்மா மாதிரி எல்லா வேலையும் இதோட தலையில. இங்கிலாந்தோட ஃபெரான்டி கம்பெனி சிங்க்ளேருக்காகவே செஞ்சு கொடுத்தது. வேற எந்த டி.வி.யிலயும், பி.சி.யிலயும், கன்ட்ரோல் கார்டுலயும் கிடையாது. ஃபெரான்டி கம்பெனியும் 1993-ல திவாலாயிடுச்சு. பி.பி.சி. மைக்ரோவிலும் இதே கம்பெனி செஞ்ச வீடியோ யு.எல்.ஏ. உண்டு. சூடாகறதுல பேர் போனது.

இது போச்சுன்னா என்ன வழி? முதல் வழி, இன்னொரு செத்த ஸ்பெக்ட்ரம். ஒரு மெஷினுக்கு மெமரி போயிருக்கும், யு.எல்.ஏ. நல்லா இருக்கும். இன்னொண்ணுக்கு உல்டா. ரெண்டு செத்த மெஷின் சேர்ந்தா ஒரு உயிர்! அதனாலதான் முதல்லயே சொன்னேன், பேரீச்சம்பழத்துக்குப் போடாதீங்கன்னு. 'இது ஓடாது, குப்பை'ன்னு நீங்க நினைக்கிற மெஷின், வேற யாரோ ஒருத்தர் தேடிக்கிட்டிருக்கிற ஒரே ஸ்பேரா இருக்கலாம்.

ரெண்டாவது வழி இன்னும் கெத்து. எண்பதுகளோட கடைசியில சோவியத் யூனியன்ல ஸ்பெக்ட்ரம் ஆசை பத்திக்கிச்சு. ஆனா, யு.எல்.ஏ. வாங்க வழியே இல்ல. அங்கே இருந்த எலெக்ட்ரானிக்ஸ் பசங்க என்ன பண்ணினாங்க? அந்த சிப் உள்ளே என்னென்ன வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டு, அதே வேலையைச் சாதாரண லாஜிக் சிப்களைக் கோத்துச் செஞ்சுட்டாங்க. 'லெனின்கிராட்', 'பென்டகன்'னு எக்கச்சக்க ஸ்பெக்ட்ரம் நகல்கள் பிறந்தது இப்படித்தான்.

பின்னாடி இங்கிலாந்துல கிறிஸ் ஸ்மித்ங்கிறவர் யு.எல்.ஏ.வைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற சில்லைப் படம் பிடிச்சு, ஒவ்வொரு கேட்டா ஆராய்ஞ்சு 2010-ல ஒரு முழுப் புத்தகமே போட்டுட்டார். இன்னிக்கு ப்ரோக்ராம் பண்ணக் கூடிய சிப்பை வெச்சு, யு.எல்.ஏ. சாக்கெட்லயே சொருகற மாதிரி மாற்று போர்டு செஞ்சு விக்கறாங்க.

புரியுதா? பிஸ்டனைக் கடைய லேத் மாதிரி, சிப்பைக் 'கடைய'வும் ஒரு லேத் வந்தாச்சு. உங்க வி.எல்.எஸ்.ஐ. லேப்ல தூங்கிட்டிருக்கிற எஃப்.பி.ஜி.ஏ. போர்டு இருக்கே... அதுதான் அந்த லேத்! ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்கறதுக்குப் பதிலா, ஒரு யு.எல்.ஏ.வோட வீடியோ பகுதியை மட்டும் நீங்களே வெரிலாக்ல எழுதிப் பாருங்களேன். வைவாவுல எக்ஸ்டர்னல் எதைக் கேட்டாலும் திக்காம பதில் வரும்.

போலியைக் கண்டுபிடி!

பழைய சிப் தேடற எல்லாருக்கும் ஒரு தலைவலி, போலி. வேற ஏதோ சிப்போட மேல்பக்கத்தைத் தேய்ச்சு, கறுப்பு பெயின்ட் அடிச்சு, புது நம்பர் போட்டு வித்துடுவாங்க. நாலு டிப்ஸ்:

* சிப் மேல நாலு இலக்க தேதி இருக்கும். 8432-ன்னா 1984-ம் வருஷம், 32-வது வாரம். தயாரிப்பு நின்ன பிறகு வர்ற தேதி போட்டிருந்தா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

* பஞ்சுல கொஞ்சம் அசிட்டோன் தொட்டு மேல்பக்கம் துடைங்க. கறுப்பு பஞ்சுல ஒட்டுதா? பெயின்ட்! தங்கச்சியோட நெயில் பாலிஷ் ரிமூவர்ல அசிட்டோன் இருந்தா அதுவே போதும்.

* நாப்பது வருஷப் பழைய சிப், பளபளன்னு புதுக்கால், ஒரே மாதிரி பத்து... சந்தேகப்படுங்க.

* செத்த சிப்பை எடுக்கும்போது போர்டைக் காப்பாத்துங்க. சிப்போட கால்களை முதல்ல நறுக்கிட்டு, ஒவ்வொரு காலா சூடு காட்டி எடுங்க. சக்கர் வெச்சு ஓட்டையைச் சுத்தம் பண்ணி, ஐ.சி. பேஸ் போட்டு, அதுல புது சிப்பைச் சொருகுங்க. அடுத்த தடவை சோல்டரிங் அயர்னே தேவைப்படாது. நல்ல சிப்பைக் கழட்டும்போது மட்டும் காலை நறுக்கிடாதீங்க!

பி.பி.சி. மைக்ரோ வெச்சிருக்கிறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. அதோட பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கு. உள்ளே வீட்டு கரன்ட் நேரா வருது. அதுல இருக்கிற பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர் வெடிச்சுப் புகை விடறது சகஜம். அதை மாத்தாம ஆன் பண்ணாதீங்க. சப்ளை வேலையில அனுபவம் இல்லைன்னா, தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துல இருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை என்ன ப்ளான்?

கடைசியா கூட்டிக் கழிச்சுப் பாருங்க. பொது சிப்புக்கு ரிச்சி தெரு இருக்கு. மெமரிக்குக் காயலான் கடை இருக்கு. தனி சிப்புக்கு இன்னொரு செத்த மெஷின் இருக்கு, அதுவும் இல்லைன்னா உங்க மூளை இருக்கு. முதல் கடை என்னிக்கும் திறந்திருக்கும். ரெண்டாவது, மூணாவது கடைகள் அப்படி இல்ல. ஒவ்வொரு தடவை ஒரு போர்டு நெருப்புல வேகும்போதும், பரணைச் சுத்தம் பண்ணும்போதும், அந்தக் கடையில சரக்கு குறைஞ்சுகிட்டே வருது. திரும்ப நிரப்ப ஆளில்ல.

அதனால, காலேஜ்ல எலெக்ட்ரானிக்ஸ் கிளப் இருந்தா ஒரு வேலை செய்யுங்க. ஒரு அலமாரி, நாலு டப்பா போதும். லேப்ல கழிச்சுக் கட்டற பழைய மைக்ரோப்ராசஸர் கிட், சீனியர் விட்டுட்டுப் போன போர்டு, மாமா வீட்டு எக்ஸ்.டி. பி.சி. எதையும் எச்.ஓ.டி. அனுமதியோட அங்கே சேருங்க. சிப்பைக் கழட்டி, டெஸ்ட் பண்ணி, நம்பர் எழுதி டப்பாவுல போடுங்க. மிச்சத்தைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுங்க. இன்னும் பத்து வருஷத்துல, எந்த ஊர்லேர்ந்தோ ஒருத்தர் 4116 தேடிக்கிட்டு உங்க காலேஜ் வாசல்ல வந்து நிப்பார்.

திருவொற்றியூர் புல்லட்டை ஓட வெச்சது கம்பெனி மட்டும் இல்ல. ஸ்பேரைப் பத்திரமா வெச்சிருந்த கடைக்காரரும், கையில கிரீஸோட இன்ஜினைப் புரிஞ்சுக்கிட்ட மெக்கானிக்கும்தான். கம்ப்யூட்டருக்கும் அந்த மெக்கானிக் தேவைப்படறார். வேலை காலியா இருக்கு... அப்ளிகேஷன் ஃபார்ம் உங்க பரண் மேல!